மோகனூர் ஆற்றுக்குப் போன மூட்டைகள்

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது எங்கள் தெருப் பள்ளிவாசலின் மாடியறையை இடித்துக் கட்ட முடிவு செய்தார்கள். அந்த அறையில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. புறாக்கள் இருக்கின்றன என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். திறந்து பார்த்தால் புறா எச்சத்துக்கு அடியில் புத்தகங்கள். அட்டை போனவை, கறையான் அரித்தவை, யார் யார் வீட்டிலிருந்தோ எந்தக் காலத்திலோ கொண்டுவந்து வைத்தவை. அரபு எழுத்து உள்ள தாளைக் குப்பையில் போடக் கூடாது, எடைக்கும் போடக் கூடாது. ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி, எல்லாவற்றையும் சாக்கில் கட்டி மறுநாள் மோகனூருக்குக் கொண்டுபோய்க் காவிரியில் விடுவதென்று அறிவித்தார்.

பள்ளிவாசலை ஒட்டிய வீடு எங்களுடையது. மழை வரும்போல இருந்ததால் மூட்டைகளை எங்கள் முன்கூடத்தில் அடுக்கிவிட்டுப் போனார்கள்.

அப்போது எங்களோடு மாமி இருந்தார். அத்தாவின், அதாவது என் அப்பாவின், அக்கா. கணவர் இறந்தபின் தம்பி வீட்டுக்கு வந்தவர். குமாரபாளையத்தில் போர்வையும் துண்டும் மொத்தமாக எடுத்துவந்து நாமக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாக விற்பார். ஒரு துண்டு போதும் என்று சொன்ன வீட்டில் இரண்டு போர்வையாவது விற்காமல் அவர் வெளியே வந்ததில்லை. அத்தா அவரிடம் ஒருமுறை மறுத்துப் பேசுவார். இரண்டாம் முறை பேசி நான் பார்த்ததில்லை.

மதரஸாவில் நான் அப்போதுதான் அரபு எழுத்தைக் கூட்டிக் குர்ஆன் ஓத ஆரம்பித்திருந்தேன். அர்த்தம் தெரியாது. அது யாருக்கும் குறையாகப் படவில்லை, எனக்கும்தான். அன்று சாயங்காலம் என் திறமையைக் காட்ட ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து, மேலே கிடந்த புத்தகத்தை எடுத்து, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ராகத்தோடு ஓதினேன்.

"ஃபில்லை ஃபால் குதியாமல் அழுதால்..."

கூடத்தில் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த மாமி நிமிர்ந்தார்.

"இன்னொருக்கா ஓது கண்ணு."

ஓதினேன்.

"ஃபால் இல்ல கண்ணு. அந்த எழுத்துக்குக் கீழ ஒரு புள்ளி இருக்குது பாரு. அது பால். பிள்ளை பால் குடியாமல் அழுதால்."

நான் புத்தகத்தைப் பார்த்தேன். எழுத்து அரபு எழுத்துதான். ஆனால் வாய்க்குள் தமிழ் இருந்தது. அடுத்த வரியையும் கூட்டினேன். வசம்பைச் சுட்டுத் தாய்ப்பாலில் உரைத்துக் குழந்தையின் தொப்புளைச் சுற்றித் தடவச் சொன்னது அது. சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "யாரு பிள்ளைக்கு வயித்து வலி?" என்று கேட்டார்.

மாமி மூட்டையைக் கவிழ்த்துவிட்டார். ஒன்றில் கல்யாணத்தில் மாப்பிள்ளையைக் கேலி செய்யும் பாட்டு. இன்னொன்றில் மாமியார் வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று ஒரு தாய் மகளுக்குச் சொல்வது. சிறுவயதில் தெருப் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்த ஓர் அம்மா இப்படித்தான் அரபு எழுத்திலேயே புள்ளி வைத்துத் தமிழை எழுதித் தருவார் என்று சொல்லிக்கொண்டே மாமி புரட்டினார். அவருடைய குரல் ஒரு மாதிரியாக இருந்தது. புறா எச்சத்தின் நெடி தொண்டையில் ஏறிவிட்டது என்று நினைத்து நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அப்போதே மாமி, முத்தவல்லியின் வீட்டுக்குப் புறப்பட்டார். "ஜமாஅத் முடிவு பண்ணது அக்கா, நம்ம எதுக்கு" என்று அத்தா ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நானும் கூடப் போனேன்.

முத்தவல்லி நல்ல மனிதர். மாமியை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, பிறகு மறுத்தார்.

"அரபு எழுத்துங்க அக்கா. யாரு கால்லயாச்சும் பட்டா பாவம். ஆத்துல விடறதுதான் மரியாதை."

"எழுத்துதானுங்க அரபு. பேச்சு நம்ம பேச்சு. வசம்பு சுட்டுத் தடவறத ஆத்துல விட்டா மீனுங்களா தடவும்?"

"இத இப்ப யாருங்க படிக்கறாங்க?"

"இதா, இவ படிக்கறா."

முத்தவல்லி என்னைப் பார்த்தார். நான் டீக்கு வந்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பள்ளிவாசலில் வைக்க இடமில்லை, வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது, காலையில் புறப்பட்டே ஆக வேண்டும் என்றார்.

"சரிங்க, புறப்படட்டும். நானும் வாரேன்."

காலையில் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி வந்து நின்றது. மூட்டைகளை ஏற்றி முடித்ததும் மாமி ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து என்னை மடியில் இழுத்துக்கொண்டார். பொம்பளைங்க எதற்கு என்று ஓட்டுநர் முனகினார். மாமி அவரிடம் அவர் வீட்டில் எத்தனை பேர், குளிருக்கு என்ன போர்த்துகிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தார். மோகனூர் போவதற்குள் அவர் ஒரு போர்வைக்குச் சம்மதித்திருந்தார்.

ஆற்றங்கரையில் முத்தவல்லியும் நிர்வாகத்தைச் சேர்ந்த இரண்டு மூன்று பேரும் மோட்டார் சைக்கிளில் வந்து காத்திருந்தார்கள். முதல் மூட்டையைத் தூக்கப் போனபோது மாமி அதன்மேல் கையை வைத்தார்.

"குர்ஆன் தாளை நானே என் கையால விடறேன். மத்தத நான் பாத்துத்தான் விடணும். நேரமாகும். நிக்கறவங்க நில்லுங்க, போறவங்க போங்க."

படியில் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பொடி எழுத்து மாமியின் கண்ணுக்குத் தெரியாததால் எங்கள் வேலை சுலபமாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் முதல் வரியை நான் சத்தமாக ஓத வேண்டும். எனக்குப் புரிந்தால் மாமிக்கு, புரியாவிட்டால் ஆற்றுக்கு. புரியாமல் இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் இருந்ததால் வேலை வேகமாக நடந்தது. புரியாத தாள்களை மாமி கண்ணில் ஒற்றிக்கொண்டு, முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, ஒரு குழந்தையைத் தண்ணீரில் நிற்கவைப்பதுபோல மெதுவாக விட்டார்.

வெயில் ஏறியது. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னொருவர், "அக்கா, போதுமுங்க" என்றார். மாமி திரும்பிப் பார்க்கவில்லை. நான் மாப்பிள்ளையைக் கேலி செய்யும் இன்னொரு பாட்டை எடுத்தேன். ஆட்டைப் பார்த்துப் பயந்து ஓடிய மாப்பிள்ளை, பிரியாணிக்கு மட்டும் முதல் பந்தியில் உட்கார்ந்தானாம். கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். "இத எங்கம்மா பாடிக் கேட்டிருக்கேன்" என்றார். அடுத்த வரியை நான் கூட்டுவதற்குள் அவரே சொன்னார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மாமிக்குப் பக்கத்தில் குந்தி, மூட்டையைப் பிரிக்க ஆரம்பித்தார்.

மதியத் தொழுகை நேரத்தில் வேலை முடிந்தது. மீந்தவை இரண்டு சாக்கு. முத்தவல்லி அவற்றைப் பார்த்துவிட்டு, "பள்ளிவாசல்ல மட்டும் இடம் கேக்காதீங்க" என்றார். அவர் வாயிலிருந்து அனுமதி அப்படித்தான் வரும்.

எங்கள் வீட்டிலும் இடமில்லை. ஈரமும் கறையானும் வேறு. வெயிலில் உலர்த்தி, புதுத் துண்டுகளில் பொதிந்து, அடுத்த வாரம் மாமி அவற்றை ஊர் நூலகத்துக்குக் கொண்டுபோனார். நூலகர் ஒரு பெண். புரட்டிப் பார்த்துவிட்டு, அரபுப் புத்தகம் படிக்க இங்கே யாரும் வருவதில்லை என்றார்.

"இது தமிழுங்க."

மாமி என்னை முன்னால் தள்ளினார். நான் நின்றபடி ஓதினேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மூன்றாவது பக்கத்தில் நூலகர் தன் நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கடைசியில், பதிவேட்டில் மொழி என்ற இடத்தில் தமிழ் என்று எழுதி, பூட்டு இருந்த இரும்பு பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தார். அன்பளிப்பு கொடுத்தவர் கையெழுத்து வேண்டும் என்றார். மாமி பேனாவை வாங்கி வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகத் தன் பெயரை நிதானமாக எழுதினார்.

"தமிழ்ல போட்டீங்கன்னா நல்லாருக்குங்க" என்றார் நூலகர்.

"தமிழ்லதானுங்க போட்டிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாமி வாதத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. வீட்டுக்கு வந்ததும் நடித்தே காட்டினேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அத்தா மட்டும் சிரிக்காமல் எழுந்து வெளியே போனார். அவருக்கு நகைச்சுவை உணர்ச்சி குறைவு என்று முடிவு செய்தேன்.

மாமி இப்போது இல்லை. சில வருடங்களுக்கு முன் சென்னையிலிருந்து வந்தவர்கள் அந்தப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துப் போனார்கள். இன்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். நான் போனில் திறந்து அத்தாவுக்குக் காட்டியபோது அவர் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்த்தார். பிறகுதான் சொன்னார். தன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அக்காவை, ஓதிக்கொடுக்கும் அம்மாவிடம் மட்டும் அனுப்பினார்கள். மாமிக்கு வேறு எழுத்து தெரியாது.

உலகத்தில் மாமியால் படிக்க முடிந்த தமிழ் அத்தனையும் அன்று அந்த வண்டியில்தான் ஏறியிருந்தது.