கழுத்துப் புண்ணும் மஞ்சள் கயிறும்

பக்கத்து வீட்டு அங்காளம்மாள் அக்கா குளித்து முடித்ததும் ஈரத்தலையைக்கூடத் துவட்ட மாட்டார். முதலில் கல்லில் மஞ்சளை உரைத்துத் தாலிக்கயிற்றில் பூசுவார். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்திருக்கிறேன். அவர் வீட்டுக்காரர் சின்னண்ணனுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை. வருடத்தில் பெரும்பகுதி வடக்கே எங்காவது போர் போட்டுக்கொண்டிருப்பார். அவர் ஊரில் இல்லாத நாட்களில் அக்கா இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பூசுவார்.

போன தைக்குப் பிறகு அக்காவின் கழுத்தில் இருந்த தைராய்டு கட்டி பெரிதாகி, சோறு விழுங்கவே கஷ்டமாகிவிட்டது. சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். துணைக்கு நான் போனேன். தியேட்டருக்குள் போகும்முன் கயிற்றைக் கழற்றி என் முந்தானையில் முடிந்துவைத்தார். மயக்கம் தெளிந்ததும், கரகரத்த குரலில் முதலில் கேட்டது அதைத்தான்.

புண்ணில் தண்ணீர் படக் கூடாது, எதையும் பூசக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்கா அப்படியே நடந்தார். கழுத்துக்குக் கீழேதான் குளித்தார். புண்ணில் ஒன்றும் தடவவில்லை. ஆனால் கயிறு அந்தக் கணக்கில் சேரவில்லை. தினமும் மஞ்சள் பூசிய ஈரக்கயிறு பிளாஸ்திரியின் ஓரத்தில் உரசிக்கொண்டு கிடந்தது.

“அக்கா, கயிறு ஈரமா இருக்குதுங்களே,” என்று ஒரு நாள் கேட்டேன்.

“மஞ்சதானே புள்ள. பட்டா புண்ணு சீக்கிரம் ஆறும். அதுபாட்டுக்குக் கெடக்கட்டும்.”

பிளாஸ்திரியின் இடது ஓரம் எப்போதும் மஞ்சளாகவே இருந்ததால், சீழ் கசிந்தது எங்களுக்குத் தெரியவில்லை. காய்ச்சல் வந்து, கழுத்து சிவந்து வீங்கி, வாடை அடித்த பிறகுதான் சேலம் பஸ் ஏறினோம்.

டாக்டரம்மா பிரித்துப் பார்த்தார். “இந்த ஆபரேஷன்ல சீழ் பிடிக்கிறதே அபூர்வம்மா. கயிறைக் கழட்டுங்க. ஆறுற வரைக்கும் கழுத்துல ஒண்ணும் வேண்டாம்.”

அக்கா கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டார். “அவரு மிஷின்ல நிக்கறாருங்க. ஊடு வந்து சேர்ற வரைக்கும் நான் கழட்ட மாட்டனுங்க.”

“சீழ் உள்ளே இறங்கினா மறுபடி கத்தி வைக்கணும். மூச்சுக்கே சிரமமாகலாம்.”

அக்கா கயிற்றை விடவில்லை. நான் சின்னண்ணனுக்குப் போன் போட்டேன். அதுவரை அவரோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. விஷயத்தைச் சொல்லி, போனை அக்காவிடம் கொடுத்தேன். கம்ப்ரசர் இரைச்சலுக்கு மேல் அவர் கத்தியது அறையில் எல்லோருக்கும் கேட்டது.

“ஏம்புள்ள, இங்க என்னைய அந்தக் கயிறா புடிச்சு நிறுத்தியிருக்குது? கழட்டி சாமி படத்துல மாட்டு. நீ இருந்தாத்தான நான் வந்து மறுக்காக் கட்ட முடியும்?”

“மறுக்காக் கட்டறதுக்கு மண்டபம் புடிப்பீங்களாக்கும்?”

“உன்ற கழுத்து நல்லாகட்டும், விருந்தே போடறேன்.”

அக்கா கயிற்றைத் தலை வழியாகக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

சீழை வெளியேற்றிக் கழுவிக் கட்டுப்போட்டார்கள். கட்டு மாற்றப் போய்வரும் பஸ்ஸில், வெறும் கழுத்தைப் பார்த்துக் கேட்டவர்களிடம், “அவரு சொல்லித்தானுங்க கழட்டி வச்சிருக்குது,” என்று அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்.

மழைக்காலத்தில் ரிக் ஊர் திரும்பியது. சின்னண்ணனே கயிற்றை எடுத்துப் போட்டுவிட்டார். விருந்து மட்டும் போடவில்லை.

இப்போது புண் ஆறிவிட்டது. இடது ஓரத்தில் தழும்பு சற்றுத் தடித்திருக்கிறது. விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போட்டுக்கொண்டு, அக்கா மாட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போகிறார். சின்னண்ணன் மறுபடி வடக்கே வேலைக்குப் போயிருக்கிறார்.