அத்தை கட்டிய மூட்டைகள்

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு வருஷத்தில் பத்து நாள்தான் வேலை. மற்ற நாளெல்லாம் அதன் சாமான்களுக்கு இருக்க இடம் வேண்டும். அந்த இடம் எங்கள் வீட்டுப் பின்னறை. இரண்டு தார்ப்பாய், நான்கு தேக்சா, இரண்டு பம்ப் ஸ்டவ், பாய், கயிறு, மூங்கில், தண்ணீர் டிரம் என்று நாற்பது பேர் வழியில் சமைத்துச் சாப்பிட்டுப் படுக்கத் தேவையான அத்தனையும் அங்கே இருக்கும். கூட்டத்துக்குத் தலைவர் அப்பா. சாமான்களுக்கு அத்தை.

அத்தை அப்பாவுக்கு அக்கா. புருஷன் இறந்த பிறகு எங்களோடுதான் இருந்தாள். கூட்டம் திரும்பி வந்த மறுநாளே வேலையைத் தொடங்கிவிடுவாள். மரக்காணத்து உப்பளக் காற்று இரும்பைச் சும்மா விடாது. அதனால் ஸ்டவ்வைப் பிரித்துத் துடைத்து, எண்ணெய் தடவி, பழைய வேட்டியில் சுற்றி வைப்பாள். தார்ப்பாயை நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு நாள் வெயிலில் போட்டு, மடிப்புக்குள் வேப்பிலை வைத்துச் சுருட்டுவாள். கடைசியில் எல்லாவற்றையும் கோணிகளில் கட்டி, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு துணிக் கிழிசலை முடிந்துவிடுவாள். சிவப்பு என்றால் சமையல், நீலம் என்றால் படுக்கை, மஞ்சள் என்றால் மருந்தும் விளக்கும். படிக்கத் தெரியாதவர்கூட கேட்டதை எடுத்துக் கொடுக்கலாம்.

தார்ப்பாயில் ஒட்டிய மண்ணைப் பார்த்தே, "இந்தத் தடவ ஆத்தோரமா படுத்தீங்களா?" என்று கேட்பாள். அவ்வளவு தெரிந்தவள் ஒருமுறைகூட அந்த வழியில் போனதில்லை. நடக்க முடியாத தாத்தாவுக்குச் சமைக்கவும், ஆடுகளைப் பார்க்கவும் ஒருத்தர் வீட்டில் இருக்க வேண்டுமே. தானும் வரட்டுமா என்று வருஷா வருஷம் ஒரே ஒரு தடவை கேட்பாள். அப்பாவும் வருஷா வருஷம், "அடுத்த வருஷம் பாக்கலாம்க்கா" என்பார்.

எனக்கு ஒன்பது வயதான வருஷம் அத்தை கேட்கவே இல்லை. அந்த வருஷம்தான் என்னை முதன்முதலாகக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். சாமான் டெம்போவில் உட்கார்ந்து வரலாம் என்று அப்பா சொல்லியிருந்தார்.

புறப்படுவதற்கு முந்தின நாள், கூச்சல் போடும் அக்காவையும் தம்பியையும் விரட்டிவிட்டு அத்தை என்னை மட்டும் பின்னறைக்குக் கூப்பிட்டாள். கட்டிவைத்த மூட்டைகளையெல்லாம் பிரித்தாள். நான் எடுத்துக் கொடுக்க, அவள் புதிதாக அடுக்கினாள். கரண்டிகள் பாய்ச் சுருளுக்குள் போயின. தீப்பெட்டிகள் போர்வைகளின் மடிப்புக்குள். ஸ்டவ் அடைப்பைக் குத்தும் பின் மிளகாய்த்தூள் டப்பாவின் அடியில். அரிசி மஞ்சள் துணி கட்டிய கோணியில். ஏன் இப்படி மாற்றி வைக்கிறாள் என்று கேட்க நினைத்தேன். ஆனால் நான் எதையும் கேட்கிற பிள்ளை இல்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்பவள்.

"எது எங்க இருக்குதுன்னு ஞாபகம் இருக்குதா?" என்றாள் அத்தை. தலையாட்டினேன். "அங்க யாராச்சும் கேட்டா சொல்லுவியா?"

நாற்பது பேர் முன்னால் பேசுவதா? மாட்டேன் என்று தலையாட்டினேன்.

"நல்ல பொண்ணு" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். என் ஞாபகசக்திக்காகத்தான் என்னைத் தேர்ந்தெடுத்தாள் என்று எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலையில் மூட்டைகளை ஏற்றும்போது அப்பா, "எல்லாம் வச்சிட்டியாக்கா?" என்று கேட்டார். "ஒண்ணு விடாம உள்ளதான் இருக்குது" என்றாள் அத்தை. அது உண்மைதான்.

கூனிமேடு தாண்டி ஒரு சவுக்குத் தோப்பில் மதியச் சமையலுக்கு நின்றோம். அப்பா சிவப்புத் துணி மூட்டையைப் பிரித்தார். போர்வைகள் வந்தன. நீலத்தைப் பிரித்தார். தேக்சா மூடிகளும் புளியும் வந்தன. ஸ்டவ் இருந்தது, பற்றவைக்க வழியில்லை. அரை மணி நேரத்தில் தோப்பு முழுக்கச் சாமான் பரந்து கிடந்தது. நடந்து களைத்தவர்கள் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

"ஏம்பா, கரண்டி இல்லாம எத வச்சுக் கிண்டுறது, ஜெபமாலையை வச்சா?" என்றார் எங்கள் ஊர் மாதா கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை.

எனக்கு எல்லாம் தெரியும். டெம்போவின் பின்பலகையைப் பிடித்தபடி இரண்டு தடவை வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. கடைசியில் அப்பா சித்தப்பாவைப் பார்த்து, "மொபெட்ல போய் அக்காவைக் கூட்டிட்டு வந்துடு. வந்து எடுத்துக் கொடுத்துட்டுப் போவட்டும்" என்றார்.

ஒரு மணி நேரத்தில் அத்தை வந்து இறங்கினாள். தலை வாரி, நல்ல புடவை கட்டியிருந்தாள். கையில் ஒரு துணிப்பை. அதன் வாயில் மூன்று புடவை எட்டிப் பார்த்தது. முன்யோசனை என்றால் அத்தைக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். பத்தே நிமிஷத்தில் கரண்டி, தீப்பெட்டி, ஸ்டவ் பின் எல்லாம் வெளியே வந்தன. சாம்பார் கொதித்தது.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா, "தம்பி வண்டியில உன்ன விட்டுடுவான்" என்றார்.

அத்தை தேக்சாவைக் கழுவிக்கொண்டே, "போறேன். சாயந்தரம் படுக்கையை யார் பிரிப்பா?" என்றாள்.

அப்பா சிதறிக் கிடந்த சாமான்களைப் பார்த்தார். கோயில்பிள்ளை அப்பாவைப் பார்த்தார். காலில் அதற்குள் மூன்று கொப்புளம் கண்டிருந்த சித்தப்பா, தாத்தாவையும் ஆடுகளையும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவ்வளவு வேகமாக அவர் ஒரு பொறுப்பை ஏற்று நான் பார்த்ததில்லை.

"தாத்தாவுக்கு மூணு நாளைக்குக் குழம்பு சுண்ட வச்சிருக்கேன், சூடு மட்டும் பண்ணிக்குடு" என்றாள் அத்தை. அப்பா ஏதோ கேட்க வாயெடுத்து, பிறகு சிரித்துவிட்டார். "சரிக்கா, நீயும் நட" என்றார்.

நடந்த ஏழு நாளும் அத்தை டெம்போவில் ஏறவில்லை. கூட்டம் இழுத்துப் போகும் சின்ன மாதா தேருக்குப் பின்னால் முதல் வரிசையில், பாட்டில் எல்லாரையும் விட ஒரு சுருதி மேலே பாடிக்கொண்டு நடந்தாள். மூட்டைகளை இரண்டாம் நாளே மறுபடி பழைய ஒழுங்கில் கட்டிவிட்டாள். அதன்பின் யாரும் எதையும் தேடவில்லை. யாரும் அவளைப் போகச் சொல்லவும் இல்லை.

வேளாங்கண்ணியில் எனக்கும் ஒரு மெழுகுவர்த்தி கொடுத்தார்கள். ஏற்றிவிட்டு வந்தவளிடம் என்ன வேண்டிக்கொண்டாய் என்று அத்தை கேட்டாள். அத்தையிடம் மட்டும் எனக்குப் பேச்சு வரும்.

"வயசாவுறதால உனக்கு மறதி வருதில்ல அத்தை. அடுத்த வருஷம் நீ மூட்டையைச் சரியா கட்டணும்னு வேண்டிக்கிட்டேன்."

அத்தை அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு எழுந்து போய் இன்னொரு மெழுகுவர்த்தி வாங்கி வந்து என் கையில் கொடுத்தாள்.

"ஓடு. முன்னாடி கேட்டது வேணாம்னு மாதாகிட்ட சொல்லிட்டு வா."

எதற்கு என்று புரியவில்லை. இருந்தாலும் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.