பொயிண்ட்ஸ் டிக்கட்டும் அக்காவின் பெயரும்

போன செவ்வாய்க்கிழமை மாத்தளை பஸ் ஸ்டாண்டில் யட்டவத்த பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"தம்பி, கொஞ்சம் நில்லும். உம்மைத்தான் தேடினனான்."

பரமேஸ்வரி டீச்சர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, மாத்தளையில் பல வருஷம் கணக்குப் படிப்பித்து, இங்கேயே பென்ஷன் வாங்கியவர்.

"லண்டனில இருக்கிற மகன் தன்ர பிளைட் பொயிண்ட்ஸை எனக்கு மாத்தித் தந்திட்டான். நீங்களே ஒரு திகதி பார்த்து டிக்கட் எடுங்கோ எண்டு சொல்லுறான். இதை இன்டர்நெட்டில எடுக்கிறதோ, போன் பண்ணி எடுக்கிறதோ நல்லது?"

"போன் பண்ணுங்க டீச்சர்."

டீச்சர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "என்ன இது? எல்லாத்தையும் கம்பியூட்டரில செய்யுங்கோ எண்டு பேப்பரில எழுதுறது நீர்தானே?"

உண்மைதான். கரண்ட் பில்லிலிருந்து கல்யாணப் பொருத்தம் வரை கம்பியூட்டரில் பார்க்கலாம் என்று இந்தப் பத்தியில் எத்தனை தடவை அளந்திருப்பேன்! அப்போது பஸ் வந்தது. ஏறிவிட்டேன். பஸ் வந்தது நல்ல சாக்கு... காரணத்தை டீச்சரிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எனக்கு ஒரே ஓர் அக்கா. பெயர் லெட்சுமி. ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற பாதையிலுள்ள ஒரு தோட்டத்தில்தான் நாங்கள் பிறந்தோம். அம்மாவும் அப்பாவும் கொழுந்து மலையில் வேலை. அக்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டார் இந்தியப் பிரஜைகளாகத் திரும்பிப் போக எழுதிக் கொடுத்திருந்தார்கள். கல்யாணமான அடுத்த வருஷமே அவர்களுக்குக் கடுதாசி வந்தது. தலைமன்னாரில் கப்பலேறி, கடைசியில் கோத்தகிரியில் போய் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்தார்கள். இங்கேயும் தேயிலை, அங்கேயும் தேயிலை. நடுவில் மட்டும் கடல்.

அதற்குப் பிறகு முப்பது வருஷம், அம்மா அக்காவைப் பார்க்கவே இல்லை.

நான் படித்து, டவுனுக்கு இறங்கி, ஏலக்காய் கராம்பு ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் சேர்ந்தேன். டுபாய், சிங்கப்பூர் என்று அடிக்கடி அனுப்பினார்கள். ஒரு தடவை கோத்தகிரிக்கும் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, பயணம் சரிப்படாது. அப்பா அதற்கு முன்பே காலமாகியிருந்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பார்த்தால், பறந்து பறந்து சேர்ந்த பொயிண்ட்ஸ் ஓர் இலவச டிக்கட்டுக்குப் போதுமாக இருந்தது. சென்னை-கொழும்பு. அக்காவை மாசித் தேருக்குக் கூப்பிடலாம்! அம்மாவிடம் சொன்னேன். அம்மா எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

"போன் பண்ணி எடுங்க. அவங்க கேட்டுக் கேட்டு எழுதுவாங்க" என்றாள் என் மனைவி செல்வி.

நான் கேட்கவில்லை. ஏன்? போனில் எடுத்தால் தனியாக ஒரு கட்டணம் என்று செல்வியிடம் சொன்னேன். அது பாதிதான் உண்மை. அதற்கு முந்திய வருஷம் வேறு ஒரு விஷயத்துக்காக விமானக் கம்பெனியின் அதே நம்பருக்கு ஆபீஸிலிருந்து எடுத்திருந்தேன். அரை மணி நேரம் மியூசிக் கேட்க வைத்தார்கள். பிறகு வந்த பெண், என் இங்கிலீஷுக்கு மூன்று தடவை "பார்டன், சார்?" என்றாள். பக்கத்து மேசைக்காரன் சிரித்தான். வியாபாரம் பேசுகிற இங்கிலீஷ் என்னிடம் உண்டு. அந்தப் பெண்ணிடம் அது எடுபடவில்லை. அந்த வெட்கம் போகவில்லை. கம்பியூட்டர் "பார்டன்" கேட்காது பாருங்கள்!

ஆபீஸ் கம்பியூட்டரில் உட்கார்ந்தேன். திகதி... சீட் இருந்தது. அடுத்து, பெயர். இரண்டு பெட்டிகள். ஒன்றில் முதற்பெயர், மற்றதில் குடும்பப் பெயர்.

நமக்கு ஏதுங்க குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போடுவோம். போட்டேன். லெட்சுமி, சின்னசாமி. இருபது நிமிஷத்தில் டிக்கட் பிரிண்டாகி வந்தது. செல்வியின் முன்னால் அதை ஆட்டிக் காட்டினேன்.

அக்கா கோத்தகிரியில் ஒரு கடையிலிருந்து பேசினாள். "நான் ஏதாச்சும் அனுப்பணுமா தம்பி? பாஸ்போர்ட் கொப்பி கிப்பி?"

"ஒண்ணும் வேணாம்க்கா. எல்லாம் நான் பாத்துக்கிட்டேன்."

அந்த நாள் வந்தது. கட்டுநாயக்க ஏர்போர்ட்டுக்குப் போக வேன் பிடித்தேன். நானும் வருவேன் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றார். முழங்காலுக்குத் தைலம் தடவி, புதுச் சேலை கட்டி, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். குருணாகலைத் தாண்டும்போது செல்வியின் போன்.

"என்னங்க... அண்ணி சென்னை ஏர்போர்ட்ல இருந்து பேசினாங்க. ஏத்த மாட்டேன்னுட்டாங்களாம். டிக்கட்ல உள்ள பேரு வேறயாம்."

அக்காவின் பாஸ்போர்ட்டில் லெட்சுமி முத்தையா என்று இருந்தது. முத்தையா என் அத்தான். முப்பது வருஷமாக, ரேஷன் கார்டிலும் ஆஸ்பத்திரியிலும் அவள் அந்தப் பெயரோடுதான் வாழ்ந்துகொண்டிருந்தாள். எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

கவுண்டரில் இருந்தவர், "டிக்கட்டுல இருக்கறது நீங்க இல்லையேம்மா" என்றாராம். "நான்தான்யா அது. சின்னசாமி மக லெட்சுமி நான்தான்யா" என்று அக்கா திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். அவரைக் குறை சொல்ல முடியுமா? கொழும்புக்குப் போகிற பிளைட். காலமும் யுத்த காலம். இங்கே செக் பொயிண்டில் அடையாள அட்டையில் ஓர் எழுத்து மாறியிருந்தாலே எவ்வளவு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது! அதெல்லாம் தெரிந்த நான்தான் இதைச் செய்தேன்.

வேனை ஓரமாக நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய் அந்த நம்பருக்குப் போன் எடுத்தேன். வெட்கமாவது ஒன்றாவது! இங்கிலீஷில் தடுமாறி ஆரம்பித்தேன்.

"சார், தமிழ்லயே சொல்லுங்க" என்றது அந்தப் பக்கத்துப் பெண்குரல். "தமிழ்ல பேச இங்க ரெண்டு மூணு பேர் இருக்கோம்."

 பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பொயிண்ட்ஸ் டிக்கட்டில் பெயர் மாற்ற முடியாதாம். கேன்சல் பண்ணிப் புதிதாகத்தான் எடுக்க வேண்டுமாம். பொயிண்ட்ஸ் சீட் இனி ஆறு வாரத்துக்கு இல்லை. பொறுமையாக எல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "போன்ல எடுத்திருந்தீங்கன்னா, பாஸ்போர்ட்ட கையில வச்சிக்கிட்டு எழுத்து எழுத்தா சொல்லச் சொல்லியிருப்போம் சார்."

வேனுக்குத் திரும்பினேன்.

"ஏன்டா வண்டி நிக்கிது?" என்றார் அம்மா.

"அக்கா இன்னைக்கி வரலம்மா."

"ஏன்? மேலுக்கு முடியலயா?"

"டிக்கட்ல பேரு பிழையாப் போச்சும்மா. நான் அப்பா பேரப் போட்டுட்டேன்."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுல என்னடா பிழை? அவரு மகதானே அவ?"

 டிரைவர் வேனைத் திருப்பினார்.  தேர் அந்த வருஷமும் அக்கா இல்லாமலே ஓடியது.

புது டிக்கட்டைப் போனில் எடுத்தேன். அக்காவைப் பாஸ்போர்ட்டைப் பிரித்து வைத்துக்கொள்ளச் சொல்லி, இரண்டு தடவை கேட்டு எழுதி, அந்தப் பெண்ணிடம் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். எல்லாம் சரி. நாள் மட்டும்தான் தள்ளிப் போயிருந்தது.

அந்த ஆறாவது வாரத்தில், ஒரு காலையில், அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு சரிந்து விழுந்தார். பாரிசவாதம். மாத்தளை ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றித் தந்தார்கள். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது.

அக்கா வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றியவள் நேராகக் கட்டிலுக்குப் போனாள். அம்மாவுக்கு அவளைத் தெரிந்தது, அதில் சந்தேகமே இல்லை. இடது கையால் அக்காவின் முகத்தை, நரைத்த முடியை, காதை எல்லாம் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்து என்னவோ சொல்லப் பார்த்தார். சத்தம் வந்தது. சொல் வரவில்லை. திரும்பத் திரும்ப முயற்சி செய்தார்.

"நீ பேசாதம்மா. நானே பேசுறேன்" என்றாள் அக்கா.

இங்கே இருந்த பன்னிரண்டு நாளும் பேசினாள். கப்பலில் வாந்தி எடுத்தது, கரையிறங்கி மண்டபம் கேம்பில் இருந்தது, முதல் பிள்ளை செத்தது, இரண்டாவது பிழைத்தது, கோத்தகிரிக் குளிர், அத்தானின் குடி, அவர் திருந்தியது... முப்பது வருஷத்தையும் கட்டிலோரத்தில் உட்கார்ந்து சொன்னாள். அம்மா கண்ணை மூடாமல் கேட்டார். நான் கதவருகே நிற்பேன். உள்ளே போக மனம் வராது.

என்னை ஒரு வார்த்தை அக்கா குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

திரும்பிப் போகும் நாள், கட்டுநாயக்கவுக்கு வேனில் போகும்போதுதான் கேட்டாள்.

"தம்பி, அந்த மொத டிக்கட் போட்டப்ப அம்மா போன்ல ஒண்ணு சொல்லுச்சு. 'நேர்ல வா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், ரொம்ப நாளா வச்சிருக்கேன்'னு. என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"உன்கிட்டயாவது சொல்லியிருக்கும்னு நெனச்சேன்."

அந்த ஆடியில் அம்மா போய்ச் சேர்ந்தார்.

வேனில் திரும்பி வந்ததற்கும் அம்மா விழுந்ததற்கும் நடுவில் ஐந்து வாரத்துக்கு மேல் இருந்தது. புது டிக்கட் எப்போது என்று தினமும் கேட்பார். நானும் திகதியைச் சொல்வேன். "அக்கா வந்தா என்னம்மா பேசப் போறீங்க?" என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அடுத்த அறையில் இருந்த அம்மாவிடம் கேட்க எனக்கு ஒன்லைனும் தேவைப்பட்டிருக்காது, போனும் தேவைப்பட்டிருக்காது.