வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

கம்பைநல்லூர் சாலையில் மகளை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு பள்ளி மாணவி, ஓரத்து வெள்ளைக் கோட்டைத் தாண்டி ரோட்டிலேயே சைக்கிள் ஓட்டினாள். எங்களுக்குப் பின்னால் லாரி. பயத்தில் ஹார்னை அழுத்திக்கொண்டே கத்தினேன்.

“ஏம்மா, சைக்கிளுக்குத்தான ஓரம் வுட்டிருக்காங்க? உங்க வூட்ல சொல்லித் தரலையா?”

அவள் மிரண்டு ஓரத்துக்குத் திருப்பினாள். சக்கரம் கல்லில் மோதியது. காயப்போட்டிருந்த கொள்ளின் மேல் விழுந்தாள். முழங்கையில் ரத்தம்.

வண்டியை நிறுத்தி, ஓடிப்போய்த் தூக்கியபோதுதான் உறைத்தது. எதிரே எங்கள் நிலம். அது எங்கள் கொள்ளு. வண்டி ஏறாமலிருக்கக் காலையில் அந்தக் கற்களை வரிசையாக வைத்ததே நான்தான்.

சிதறிய கொள்ளைக் கையால் ஒதுக்கிக்கொண்டே அவள் சொன்னாள்: “யாரோ காயப்போட்டிருக்காங்கக்கா. மேல ஏத்தக் கூடாதுன்னுதான் ரோட்ல வந்தேன். திட்டாதீங்க.”

எங்களுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காயத்தைக் கழுவி அனுப்பிவைத்தேன்.

இப்போது கொள்ளு எங்கள் மாடியில் காய்கிறது. வழியில் பார்க்கும்போதெல்லாம் அவள், “நல்லாருக்கீங்களாக்கா?” என்று சிரிக்கிறாள். காயம் கழுவிவிட்ட அக்காவாகத்தான் அவளுக்கு என்னைத் தெரியும். தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன். இன்னும் சொல்லவில்லை.