பதிமூன்று விழிஞ்ஞம் மீனும் ஏழு ஐஸ் மீனும்

கல்லூரி வாசலைத் தாண்டிக் கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு பை, அதில் இரண்டு வேட்டி. நாகர்கோவில் பஸ் ஏறிவிட்டால் முடிந்தது. எதையும் பாதியில் விட்டுவிட்டு நடப்பது எனக்குப் புதிதில்லை. ஏழாம் வகுப்பு, சினிமா போஸ்டர் ஒட்டியது, சாலைக் கடைத்தெருவில் ஒரு ஓட்டலில் மீன் கழுவியது, எல்லாமே அப்படி முடிந்தவைதான்.

இந்த முறை விட்டது மீன் வாங்கும் வேலை. கல்லூரியில் ஆராய்ச்சி செய்த ஒரு பெண்ணுக்கு, விழிஞ்ஞம் கடற்கரையில் படகிலிருந்து இறங்கும் அயிலை மீனில் வாரம் இருபது வேண்டும். சதையை அரைத்து, உருளைக்கிழங்கு மாவைக் காய்ச்சி உறையவைத்த பாளத்தில் கீறி வைத்து, மின்சாரம் விட்டு, சாயம் ஊற்றுவார். நீலக் கோடுகள் தெரியும். மீனுக்கு அதன் தாய் தகப்பனிடமிருந்து வந்ததைப் பொறுத்துக் கோடு மேலேயோ கீழேயோ நிற்கும். அந்தக் கோடுகளை எண்ணித்தான் வெவ்வேறு கரைகளில் பிடிபடும் மீன்கள் ஒரே கூட்டமா, வேறு வேறா என்று சொல்ல வேண்டும்.

நான் வேலையை விட்டதற்கு முந்தைய வாரம் ஏலத்தில் கூடைகள் மொத்தமாகப் போய்விட்டன. எனக்குக் கிடைத்தது பதிமூன்று. ஓட்டலில் மீன் குறைந்தால் ஐஸ் மீனைச் சேர்த்துக் குழம்பில் போடுவோம், யாரும் கேட்டதில்லை. அதே பழக்கத்தில், சாலைச் சந்தையில் தூத்துக்குடி லாரியில் ஐஸில் வந்த ஏழு அயிலையை வாங்கி இருபதாக்கினேன். மீன் தின்கிற வீட்டில் மீனின் கண்ணைப் பார்த்தே சொல்லியிருப்பார்கள். அவரோ கோட்டைக்குள் அக்ரஹாரத்துப் பெண். நாலு மாதமாக மீன் அறுக்கிறார்; ஒரு துண்டு தின்றதில்லை.

பாளம் கண்டுபிடித்துவிட்டது. ஐந்து மீனில் அதுவரை வராத ஒரு கோடு. அவர் தன் கையைத்தான் சந்தேகப்பட்டார். மூன்று நாள் திரும்பத் திரும்ப மாவு காய்ச்சினார். அதே கோடு. அன்று காலை பேராசிரியர் என் எதிரிலேயே அவரிடம், உன் கை சுத்தமில்லை, நாலு மாத வேலையையும் தூக்கிப் போடு என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பையை எடுத்துக்கொண்டேன்.

பஸ் படியில் ஒரு காலை வைத்தேன். என் தப்புக்கு நான் அடி வாங்கியிருக்கிறேன். இன்னொருவர் வாங்கி அதுவரை பார்த்ததில்லை.

"கேறுன்னுண்டோ?" என்றார் கண்டக்டர்.

நான் ஏறவில்லை. திரும்பி நடந்தேன்.

ஆராய்ச்சி அறையில் அந்தப் பெண் நோட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, பதிமூணுதான் விழிஞ்ஞத்து மீன். பதினாலுலேருந்து இருபது வரைக்கும் சாலையில வாங்கினேன். தூத்துக்குடி ஐஸ் மீனு."

கட்டை அவிழ்த்து நோட்டைப் புரட்டினார். கோடு வந்த அந்த ஐந்து மீனின் எண்களும் பதிமூன்றுக்கு மேல்தான்.

"இதைச் சொல்ல மூணு நாளா?"

"பயம்."

"நேக்கும்தான். இந்தக் கையே வேண்டாம்னு ஆயிடுத்து." நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்க கழுத்தை நெரிக்கணும். வாங்கோ, சார்கிட்ட சொல்லலாம்."

பேராசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஐந்து மீனை வைத்துத் தூத்துக்குடியைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது, அந்த இருபதையும் கழித்துவிடு, மற்றதெல்லாம் இருக்கட்டும் என்றார். வராந்தாவுக்கு வந்ததும் இரண்டு பேருமே மூச்சு விட்டோம்.

"இனிமே மீனுக்கு நானே போறேன்" என்றார் அவர்.

"ஏலத்துல நிப்பீங்களாம்மா?"

"நிப்பேன். ஆத்துல தெரியக் கூடாது, அவ்வளவுதான். போஸ்டருக்குப் பசை காய்ச்சினேன்னு சொன்னேளே, பாளத்து மாவைக் கட்டி விழாமக் காய்ச்சுவேளா?"

மறுநாள் காலை அடுப்பின் முன் நின்றேன். குடுவைக்குள் மாவுக் கரைசல். கை ஓய்ந்தால் அடியில் பிடிக்கும். சுழற்றிக்கொண்டே இருந்தேன். வெள்ளை மாறித் தெளிந்ததும் தட்டில் ஊற்றினேன். கட்டி இல்லை.