மரக்கன்று கொடுத்தவன் பட்ட வெட்கங்கள்

மரக்கன்று கொடுக்கிற உத்தியோகத்தில் ஒரு விசேஷம் உண்டு: கன்று தழைத்தால் மழைக்குப் பேர், பட்டுப்போனால் நமக்குப் பேர்.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் சாக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் நான் கிராம சேவக்காக இருந்தேன். வரப்பில் மரம், ஊடே பயிர், வீட்டுக்கு ஒரு உரக்குழி, குளிக்கிற தண்ணீரில் வாழை என்று ஊரைப் பச்சையாக்குவது என் வேலை. ஊர்க்காரர்கள் என்னைச் 'சேவக்கய்யா' என்பார்கள். நான் அந்தண்டை போனதும் 'செடிக்காரர்' என்பார்கள். வீடு வீடாகப் போய் நல்லது சொல்லிவிட்டு வெட்கப்பட்டுத் திரும்பியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். இன்சூரன்ஸ்காரர்கள், அம்மை குத்தப் போனவர்கள், குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசப் போனவர்கள் எல்லாருக்கும் நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. பக்கத்தில் நம்மாள் ஒருவன் இருக்கிறான் என்ற ஆறுதலுக்காகப் படியுங்கள்.

முதல் சொற்பொழிவு

இளையாத்தங்குடிக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம், இன்னும் அங்கே என்னைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊரில் கருப்பையா அம்பலம் என்று ஒருவர். அவர் தலையசைக்காமல் அங்கே ஒரு குழிகூட வெட்ட முடியாது. அவரைப் பிடித்து, அய்யனார் கோயில் பொட்டலில் கூட்டம் போட்டேன். வாகையும் அகத்தியும் ஒரு வண்டி நிறையக் கொண்டுபோய் எனக்குப் பின்னால் இறக்கி வைத்திருந்தேன். மண் அரிக்காமல் இருக்க மரம், தழை உரத்துக்கு மரம், நிழலுக்கு மரம், விறகுக்கு மரம் என்று பயிற்சியில் படித்ததையெல்லாம் அடுக்கினேன். ஜனங்கள் அப்படி ஒரு கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. சிலர் முகத்தில் சிரிப்புக்கூட இருந்தது. நம் பேச்சுக்கு இத்தனை மதிப்பா என்று நெஞ்சு நிறைந்து, இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

"இப்போது ஆளுக்கு இரண்டு கன்று வாங்கிக்கொள்ளுங்கள்" என்று திரும்பினால், பின்னால் நாலைந்து வெள்ளாடுகள் நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தன. மண்ணும் குச்சியும்தான் மிச்சம். கூட்டம் முழுக்க இத்தனை நேரமும் ஆடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குக் காது சுட்டது. ஒருவராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அம்பலத்திடம் கேட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"நீங்க பேசிக்கிட்டு இருந்தீக. நடுவுல குறுக்கிட்டா மரியாதையா இருக்குமா?"

தேவகோட்டையில் பெண் பார்த்தது

அந்த வருஷம்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டில் கேசரியும் பஜ்ஜியும் வைத்து, என்ன உத்தியோகம் என்று விசாரித்தார்கள். என் அண்ணன் முந்திக்கொண்டு "கவர்மெண்டு" என்றார். கவர்மெண்டில் என்ன என்று பெண்ணின் மாமா விடவில்லை. நான் கிராம முன்னேற்றம், மண் வளம், மரம் வளர்ப்பு என்று விரிவாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்து, பெண்ணின் அப்பா பக்கம் சாய்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படியாக ஆறுதல் சொன்னார்:

"பரவாயில்ல மச்சான், கவர்மெண்டுல தோட்டக்காரவுகளுக்கும் பென்ஷன் உண்டு."

கண்டனூர்க் கல்யாணம்

ஆடு தின்றதற்குப் பிறகு, கன்றுகளை ஊருக்குள் விடாமல் நல்ல மதில் உள்ள இடத்தில் வளர்க்க நினைத்தேன். கண்டனூரில் ஒரு பெரிய வீடு. கல்யாணம், திருவிழா என்றால்தான் கதவு திறக்கும். பின்கட்டுக்கு அப்பால் வற்றாத கிணறு, உயரமான சுவர். வீட்டுக்குரிய ஆச்சி மதராஸில் இருந்தார். வந்திருந்த சமயம் பார்த்துப் போய்க் கேட்டேன். "ஊருக்குக் கொடுக்கத்தானே? செய்யுங்க தம்பி" என்று சாவியையே கொடுத்துவிட்டார். விசேஷங்களில் பலகாரம் வைத்துக் கொடுக்கிற பனையோலைக் கொட்டான்களில் மண் நிரப்பி வேம்பு, வாகை, புளி, நெல்லி என்று விதை ஊன்றினேன். தினமும் சைக்கிளில் போய்த் தண்ணீர் விட்டேன். முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டன. ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் தண்ணீர் விடப் போகிற வேலை மிச்சமானது. ஒரு வாரம் அம்பலத்தின் ஊரிலேயே இருந்து குழிகள் வெட்ட வைத்துவிட்டு, மாட்டு வண்டியோடு அவரையும் கூட்டிக்கொண்டு கண்டனூர் போனேன்.

வாசலில் வாழை மரம் கட்டியிருந்தது. ஆச்சி வீட்டுப் பேத்திக்கு முந்தின நாள்தான் கல்யாணம் முடிந்திருந்தது. பின்னால் போய்ப் பார்த்தேன். ஒரு கொட்டானைக்கூடக் காணோம். ஓலைக் கொட்டானில் அழகாக வரிசையாக இருந்ததைப் பார்த்துவிட்டு, இது கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க ஆச்சி செய்துவைத்த புதுமாதிரிச் சீர் என்று உறவுக்காரர்கள் நினைத்துவிட்டார்கள். தாம்பூலத்தோடு ஆளுக்கொன்று கொடுத்து அனுப்பிவிட்டார்கள். என் வேம்பும் புளியும் மதராஸ், மதுரை, கப்பலேறிப் பினாங்கு வரைக்கும் போய்க்கொண்டிருந்தன. அங்கே ஊரில் வெட்டின குழிகளில் மழைத் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. அம்பலம் என் பக்கம் திரும்பவே இல்லை. வெற்று வண்டியின் நுகத்தடியைத் தடவிக்கொண்டு நின்றார். அவர் வைதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஆச்சி பதறி வருவார் என்று பார்த்தால், கையில் பலகாரத் தட்டோடு சிரித்த முகமாக வந்தார்.

"ஊருக்குக் கொடுக்கணும்னு சொன்னீக. ஊரே வந்திருந்துச்சு தம்பி, எல்லாருக்கும் கொடுத்தாச்சு."

வாழைத்தார்

குழிகளுக்கு மறு வருஷம் வேறு கன்று கொடுத்துச் சரிக்கட்டினேன் என்று வையுங்கள். அம்பலம் என்னை முழுதாக மன்னித்தாரா தெரியாது. ஆனால் நான் கேட்டதற்காகத் தன் வீட்டுக் கொல்லையில் குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீரை வாய்க்கால் பிடித்து வாழைக்கு விட்டார். வாழை காடு மாதிரி வளர்ந்தது. முதல் தார் பழுத்ததும் என் மேலதிகாரியை அழைத்துப் போனேன். எனக்கும் ஒரு நாள் பாராட்டுக் கிடைக்கட்டுமே என்ற ஆசைதான்.

மேலதிகாரி ஒரு பழத்தை உரித்தார், கண்ணை மூடிச் சாப்பிட்டார். அடுத்ததை உரித்தார். தேன் மாதிரி இருக்கிறது என்றார். அம்பலமும் வீட்டாரும் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்கள். "நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் அதிகாரி. ஒருவரும் கை நீட்டவில்லை. ஏன் என்று கேட்டார். நான் தொண்டையைக் கனைத்துப் பேச்சை மாற்றப் பார்த்தேன். அம்பலம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பணிவாகத்தான் சொன்னார்:

"நாங்க அது குடிச்ச தண்ணியப் பாத்தவுக. நீங்க பாக்கல, தயங்காமச் சாப்பிடுங்க."

சொம்புத் தண்ணீர்

அடுத்ததை நான் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. எழுபதுகளில் ஒரு வருஷம் மழை அடியோடு பொய்த்துவிட்டது. கண்மாயில் வெடிப்பு விழுந்து, ஊருணியில் கலங்கல்தான் கிடந்தது. அம்பலத்தின் ஊரிலேயே முத்தாயி என்று ஒரு அம்மா. புருஷன் இல்லை, ஒரே மகள், மேட்டில் கொஞ்சம் புஞ்சை. ஊரில் மற்றவர்கள் கன்றுகளைக் கைவிட்டுவிட்டார்கள். இவர் மட்டும் வரப்பில் வைத்த வாகைகளைச் சாகவிடவில்லை. அதைக் கேள்விப்பட்டு, நல்ல வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு பார்க்கப் போனேன்.

வாகைகள் இலை சுருண்டு, ஆனால் உயிரோடு நின்றன. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. முத்தாயி வீட்டுக்குள் போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தார். குடித்தேன். அடங்கவில்லை. இன்னொரு சொம்பு கேட்டேன். உள்ளே பானையைச் சாய்க்கிற சத்தம் கேட்டது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அதையும் குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, உத்தியோகத் தோரணையில் கேட்டேன்: "இன்றைக்குக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றியாச்சா?" மகள் அம்மாவைப் பார்த்தாள். முத்தாயி சொம்பைக் கையில் வாங்கிக்கொண்டார். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

"அதுக்கு வச்சிருந்த தண்ணியத்தான் இப்பக் குடிச்சீக."

அனுமதி கேட்டது

அந்த வாகைகள் பிழைத்துக்கொண்டன. வருஷங்கள் போய், வரப்பு நெடுக நிழல் விழுந்தது. தழையை வெட்டிப் போட்ட மண்ணில் துவரை நன்றாக வந்தது. எனக்கு அந்த மரங்கள் மேல் ஒரு உரிமை வந்துவிட்டது. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போய் நிறுத்துவேன். நம் சாதனை என்று வாயால் சொல்லவில்லை. நின்ற நிலையிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் போனால், வரிசையில் பெரியதாக நின்ற வாகை அடியோடு இல்லை. ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. சைக்கிளைச் சாய்த்துப் போட்டுவிட்டு நேரே முத்தாயி வீட்டுக்குப் போய், வாசலிலிருந்தே "யாரைக் கேட்டு மரத்தை வெட்டினீர்கள்? யார் அனுமதி கொடுத்தது?" என்று சத்தம் போட்டேன். அதற்குப் பிறகுதான் முற்றத்தைப் பார்த்தேன். ஜமுக்காளம் விரித்து, புது வேட்டி கட்டிய பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார். மகளுக்கு அன்றைக்கு நிச்சயம். மூலையில் ஆசாரி ஒருவர் வாகைக் கட்டையில் சீர்க் கட்டிலுக்குக் கால் இழைத்துக்கொண்டிருந்தார். என் சத்தம் கேட்டு உளி நின்றது. சம்பந்தி அம்மா, இதென்ன வழக்கு உள்ள வீடா என்பது போல முத்தாயியைப் பார்த்தார். மகள் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

வந்த வழியே திரும்பப் பார்த்தேன். முத்தாயி எழுந்து வந்தார். சம்பந்திகளிடம், "நம்ம சேவக்கய்யா, வரப்புக்குக் கன்னு கொடுத்தவுக" என்று அறிமுகப்படுத்தினார். அவர்கள் முகம் தெளிந்தது. ஒருவர் நகர்ந்து இடம்கூட விட்டார். பிறகு முத்தாயி என்னை இங்குட்டுத் தனியாகக் கூப்பிட்டு, தணிந்த குரலில், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"வளக்கச் சொன்னீக, எதுக்குன்னு கேக்காம வளத்தேன். இப்ப எதுக்குன்னு நீங்க கேக்காதீக. உள்ள வந்து சாப்பிடுங்க."

இப்படித் தலையைக் குனிந்து நடந்தே பழகிவிட்டதில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம், வழியில் முளைத்து நிற்கிற கன்று எதையும் இதுவரை மிதித்ததில்லை என்பதுதான்.