தமிழ் வேண்டாம் என்று வாங்கிய பில்லிங் மெஷின்

புதுக்கோட்டையில் ஒரு பிரியாணிக் கடையின் கிளையை எடுத்து நடத்துகிறேன். புது பில்லிங் மெஷின் வாங்கும்போது, சமையலறைத் திரையில் ஆர்டர் தமிழிலும் வரும் என்றார் விற்பனையாளர். "இங்கிலீஷ் மட்டும் போதும்" என்றேன். எங்கள் சமையல் மாஸ்டருக்கு இங்கிலீஷ் தெரியாது. முந்தின நாள் மிஞ்சிய கறியைச் சமைக்க மாட்டேன் என்று மறுத்துவந்த அவர் தானாகவே போகட்டும் என்று நினைத்தேன்.

முதல் நாளே ஆர்டர்கள் குழம்பின. "படிக்கத் தெரியாதா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"தமிழ்ல வராதுங்களா?"

"வராது."

மறுநாள் வந்த விற்பனையாளர், "தமிழ்ல வருமேண்ணே, ஓனர்தான் வேணாம்னாங்க" என்று மாஸ்டரிடமே சொல்லிவிட்டார்.

மாஸ்டர் என்னிடம் வந்தார். "போயிருன்னு சொல்லியிருந்தா போயிருப்பேனேங்க. எதுக்கு என்னைய அத்தனை பேரு முன்னாடி?"

அவர் போய்விட்டார். முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லாமல்தான் ஒரு மெஷினைத் தேடிப் பிடித்தேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.